தேய்மானம் அல்ல, புரை

பாகூரிலோ வில்லியனூரிலோ அறுபது தாண்டிய பெண்களிடம் உடம்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது: "எலும்பு தேஞ்சி போச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு." முட்டி வலியா? தேய்மானம். இடுப்புப் பிடிப்பா? தேய்மானம். முதுகு கூனிப் போய் ஆள் அரை அடி குட்டையாகிவிட்டாரா? அதுவும் தேய்மானம்தான்.

இதில் இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயரில் குடித்தனம் நடத்துகின்றன. மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு கரைந்துபோவது ஒன்று. எலும்பே உள்ளுக்குள் சல்லடையாகி, சின்னதாகத் தடுக்கி விழுந்தால்கூட முறிந்துவிடுவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்குப் பாடப்புத்தகத் தமிழில் 'எலும்புப்புரை' என்று பெயர். நல்ல பெயர். புரையோடிய தூணை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூண் தூணாகத்தான் நிற்கும். பாரம் ஏறும் நாளில்தான் சங்கதி வெளியே வரும். ஆனால் இந்தச் சொல்லை ஆஸ்பத்திரி வரிசையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயர்தானே, எப்படிச் சொன்னால் என்ன என்று விட்டுவிட முடியவில்லை. தேய்மானம் என்றால் உபயோகித்ததால் தேய்ந்தது என்று அர்த்தம். செருப்பு தேயும், அம்மி தேயும். தேய்கிற பொருளைக் காப்பாற்ற ஒரே வழி அதைக் குறைவாக உபயோகிப்பது. அதனால்தான் வீட்டில் உடனே சொல்வார்கள்: "உழைச்சது போதும் ஆயா, ஒரு எடத்துல உக்காரு." பாசத்தில் சொல்லும் இந்த வார்த்தை, புரையோடும் எலும்புக்கு மிக மோசமான வைத்தியம்.

இன்னொரு பக்கம் வாட்ஸப்பில் இரண்டு கட்சிகள் உண்டு. "எலும்பு மாத்திரை விஷம், உடற்பயிற்சி மட்டும் போதும்" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, கெணத்துல எறைச்சாங்க, எலும்பு இரும்பாட்டம் இருந்துது" என்பது இன்னொன்று. உழைப்பு எலும்பை வலுவாக்கும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். இது பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூற்றைம்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மறுபடி பாகூர் வயலுக்கு வருகிறேன்.

பாரந்தூக்கி வரைந்தவர்

கதையின் முதல் ஆள் டாக்டர் இல்லை, ஒரு சிவில் இன்ஜினியர். கார்ல் குல்மன், சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர். பாலங்களிலும் பாரந்தூக்கிகளிலும் விசை எந்த வழியாக ஓடுகிறது என்பதைக் கோடுகளாக வரைந்து கணக்கிடும் முறையை வளர்த்தவர். ஈபிள் கோபுரத்தை முதலில் கோட்டுப்படமாக வரைந்த மொரிஸ் கெஷ்லின் இவருடைய மாணவர்.

1866-ல் அதே ஊரின் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபொன் மேயர், நெடுக்காக அறுத்த தொடை எலும்பின் தலைப்பகுதியைக் காட்டினார். உள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் வளைவு வளைவாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. பார்த்துக்கொண்டிருந்த குல்மனுக்கு அது பழகிய படமாகத் தெரிந்தது. வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் விசைக் கோடுகள் எப்படி ஓடும் என்று அவர் வரைவாரோ, ஏறக்குறைய அப்படியே இருந்தது எலும்பு. பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் சரக்கு. பாரம் இல்லாத இடத்தில் வெற்றிடம்.

பெர்லினில் அறுவை மருத்துவராக இருந்த ஜூலியஸ் வோல்ஃப் இதைப் பிடித்துக்கொண்டார். 1892-ல் வந்த அவருடைய நூல், பாரம் மாறினால் எலும்பும் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்றது. வளைந்து கூடிய எலும்புகள் வருஷக்கணக்கில் தங்களைத் திருத்திக்கொண்டதை அவர் பார்த்திருந்தார். அவருடைய கணிதத்தில் பிழைகள் இருந்தன என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். மையக் கருத்து மட்டும் அசையவில்லை.

அதாவது எலும்பு ஒரு பொருள் இல்லை, ஒரு வேலை. கரைக்கும் செல்கள் ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இருக்கும், கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து பூசிக்கொண்டே இருக்கும். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் இன்னொரு வகைச் செல்கள் எங்கே எவ்வளவு நெளிகிறது என்பதைக் கவனித்துக்கொண்டிருக்கும். நெளிவு அதிகமானால் கட்டு, குறைந்தால் காலி பண்ணு. சர்வரில் டிராஃபிக்கைப் பார்த்து ஆட்டோமேட்டிக்காக மெஷின் கூட்டிக் குறைக்கிற ஏற்பாட்டைத் தினமும் பார்க்கிற எனக்கு இது ரொம்பப் பழக்கமான தர்க்கம். உபயோகிக்காத கொள்ளளவை வைத்துக்கொண்டிருக்க எலும்புக்கும் மனசு வராது.

படுத்தவர்கள், பறந்தவர்கள், சேவல்கள்

பாரம் இல்லாவிட்டால் எலும்பு காலியாகும் என்பதை நியூயார்க்கின் கார்னெல் மருத்துவர்கள் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான நான்கு இளைஞர்களை இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டு ஆறேழு வாரம் படுக்க வைத்தார்கள். 1948-ல் வெளியான முடிவு: படுத்த கொஞ்ச நாளிலேயே சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக வெளியேற ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. நிற்காததுதான் குறை.

பிறகு விண்வெளி. 1973-74-ல் ஸ்கைலேப்பில் தங்கியவர்களின் குதிகால் எலும்பு மெலிந்தது. மீர் நிலையத்தில் மாதக்கணக்கில் இருந்தவர்கள், இடுப்பெலும்பு அடர்த்தியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் இழந்தார்கள். மாதவிடாய் நின்ற பெண் ஒருவர் ஒரு வருஷத்தில் இழப்பதை, தேர்ந்தெடுத்த உடம்புள்ள விண்வெளி வீரர் ஒரு மாதத்தில் இழந்தார்.

எதிர்ப்பக்கச் சாட்சி டென்னிஸ். 1977-ல் 84 தொழில்முறை ஆட்டக்காரர்களின் கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர், மற்றக் கையைவிட ஆண்களில் சுமார் 35 சதவீதமும் பெண்களில் சுமார் 28 சதவீதமும் தடிப்பு. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். வித்தியாசம் பாரத்தில்தான்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை 1984-ல் வந்தது. கிளின்டன் ரூபினும் லான்ஸ் லான்யனும் சேவல்களின் இறக்கை எலும்பு ஒன்றை இயல்பான பாரத்திலிருந்து விலக்கிவைத்து, கருவியால் தினமும் குறிப்பிட்ட தடவை மட்டும் அழுத்தினார்கள். அழுத்தவே இல்லையென்றால் எலும்பு கரைந்தது. நாளைக்கு வெறும் 4 முறை அழுத்தியதில் கரைவது நின்றது. 36 முறை அழுத்தியதில் எலும்பு கணிசமாகக் கூடியது. சரி, 360 முறை? 1,800 முறை? அதே அளவுதான். 36-க்கு மேல் போனதெல்லாம் எலும்பின் கணக்கில் வரவே இல்லை.

அந்த 36 முறைக்கு ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. அதற்கப்புறம் எலும்பு காது கேளாததாகிவிடுகிறது. இதோடு சேர்ந்து பல ஆய்வுகள் சொன்னவற்றைத் தொகுத்தால் விதி இப்படி வரும்: பாரம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், சட்டென்று வர வேண்டும், பழகாத திசையில் வந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் தடவை போதும், நடுவில் ஓய்வு வேண்டும். நாள் முழுக்க ஒரே மாதிரி செய்யும் வேலையை எலும்பு ஒரு கட்டத்துக்குமேல் பதிவு செய்துகொள்ளாது. இந்த விதி வயலுக்குப் போகும்போது தேவைப்படும்.

குழாயில் படியும் சுண்ணாம்பு

இனி மாத்திரையின் கதை. எலும்புப்புரை என்பதற்கான மேலைப்பெயரைக் கொடுத்தவர் ஸ்ட்ராஸ்பர்க் நோய்க்கூறு அறிஞர் லோப்ஸ்டைன், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஏறக்குறைய அதே காலத்தில், 1823-ல், இன்றைய ஜிப்மரின் மூதாதையான மருத்துவப் பள்ளியை பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கினார்கள். ஆனால் பெயர் வந்த பிறகும் நூறு வருஷத்துக்கு அது முதுமையின் ஒரு பகுதி என்றுதான் இருந்தது. நம்மிடமும் அப்படித்தானே. சித்திரத்தில் கிழவி என்றால் கூனும் கோலும் சேர்ந்தே வரும். கூன் ஒரு நோயின் தடயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1940 வாக்கில் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் இதை உடைத்தார். முதுகெலும்பு நொறுங்கி வந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதைக் கவனித்து, ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம் என்றார். 1942-ல் கர்ப்பிணிக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த அறுபது வருஷம் ஹார்மோன்தான் முக்கிய மருந்து. 2002 ஜூலையில் 16,608 பெண்கள் பங்கேற்ற அமெரிக்கப் பெரு ஆய்வு ஒன்றின் ஹார்மோன் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது உண்மை. மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடியதும் உண்மை. "எலும்புக்கு மாத்திரை" என்றதும் வரும் பயத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

இதற்கிடையில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பெர்ட் ஃப்ளைஷ் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். போர் தண்ணீர்க் குழாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியுமே, அதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் ஒருவகை பாஸ்பேட் சேர்ப்பார்கள். அதன் உறவுக்காரச் சேர்மம் ஒன்று நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் இருப்பதை அவர் குழு கண்டது. உடம்பில் எளிதில் சிதையாத அதன் மாற்று வடிவங்களைத் தேடி, 1969-ல் பிஸ்பாஸ்பனேட் வகையைப் பற்றி எழுதினார்கள். இவை எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, கரைக்கும் செல்களை முடக்குகின்றன. அந்த வகையில் வந்த அலெண்ட்ரோனேட் 1995-ல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது.

அது வேலை செய்கிறதா? செய்கிறது. 1996-ல் வெளியான சோதனையில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களைச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு. மருந்து சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். இடுப்பு முறிவு 2.2-லிருந்து 1.1 ஆனது. 2007-ல் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம், முதுகெலும்பு முறிவை மூன்று வருஷத்தில் 70 சதவீதம் குறைத்தது.

அப்படியென்றால் மாத்திரைமீது சந்தேகம் ஏன்? அதற்கும் நியாயம் உண்டு. 1994-ல் உலக சுகாதார நிறுவனம், இளம் வெள்ளைக்காரப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று கோடு போட்டது. அதற்கு மேலே, மைனஸ் 1 வரை, 'ஆஸ்டியோபீனியா' என்று இன்னொரு கட்டம். ஆய்வுக்காகப் போட்ட கோடு சந்தைக்கு வந்ததும், ஒன்றும் உடையாத, நோய் என்று சொல்ல முடியாத லட்சக்கணக்கான நடுவயதுப் பெண்கள் நோயாளி ஆனார்கள். அலெண்ட்ரோனேட்டை விற்ற மெர்க், எலும்பு அளக்கும் சிறிய கருவிகள் பரவுவதற்கே பணம் போட்டது. அப்புறம் 2003-ல் தாடை எலும்பு அழுகும் பாதிப்புகள் பதிவாயின. பின்னாலேயே, நீண்டகாலம் சாப்பிட்ட சிலருக்குத் தொடை எலும்பு விசித்திரமாக முறிவதும். இரண்டும் அரிது, ஆனால் செய்தியில் அரிது என்பது சின்ன எழுத்தில்தான் வரும். மருந்து தேவையில்லாதவர்கள் பயந்தது சரி. எலும்பு உடைந்து மருந்து கட்டாயம் தேவைப்பட்டவர்களும் சேர்ந்து பயந்ததுதான் பிரச்சினை.

இரும்பு தூக்கியவர்கள்

"மாத்திரைக்குப் பதில் பயிற்சி" என்ற ஆசைக்கு நல்ல ஆதாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர், எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதுக்கு மேற்பட்ட 101 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வீட்டில் செய்யும் லேசான பயிற்சி. இன்னொரு பாதிக்குத் தரையிலிருந்து இரும்பு தூக்குவது, தலைக்குமேல் தள்ளுவது, தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது, கம்பியில் தொங்கித் தடாலென்று குதித்து இறங்குவது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். ஒவ்வொருவரும் ஒரே முறையில் தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து ஐந்து தடவையாக. சேவல் சொன்ன விதியேதான்: பெரிது, சட்டென்று, கொஞ்சம்.

2018-ல் வெளியான முடிவில், இரும்பு தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அடிபட்டது? ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். முதலாவது, அளந்தது அடர்த்தியை, முறிவை இல்லை. மாத்திரை முறிவைக் குறைப்பதை ஆயிரக்கணக்கானவர்களிடம் காட்டிவிட்டார்கள். பயிற்சிக்கு அந்த அளவிலான ஒற்றைச் சோதனை இல்லை. யார் அதற்குக் காசு போடுவார்கள், குந்தி எழுவதற்குக் காப்புரிமையா வாங்க முடியும்? இரண்டாவது, அண்மையில் எலும்பு முறிந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். முதல் மாதம் முழுக்க எடை ஏற்றாமல் முறையை மட்டும் பழக்கினார்கள். பத்தில் ஒன்பது வகுப்புக்குப் பெண்கள் வந்தார்கள். அந்தச் சோதனையில் மருந்து என்று எதையாவது சொல்வதென்றால் இரும்பும் பக்கத்தில் நின்ற ஆளும் சேர்ந்ததுதான்.

விழாமல் இருப்பது இன்னொரு பாதை. எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும் விழாதவருக்கு இடுப்பு முறிவது அபூர்வம். நியூசிலாந்தின் ஒடாகோவில் எண்பது வயதுப் பெண்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போய்க் கால்வலுவும் சமநிலையும் பழக்கிய திட்டம் 1997-லேயே விழுவதைக் குறைத்தது. 2019-ல் 108 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சியால் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைகிறது என்றது. இதற்கு எந்த மாத்திரையும் கிடையாது. ஆக, மாத்திரை செய்வதைப் பயிற்சி முழுதாகச் செய்யாது. பயிற்சி செய்வதை மாத்திரை செய்யவே செய்யாது.

எந்தப் பயிற்சி என்பதும் இருக்கிறது. மேயோ கிளினிக்கின் மெஹ்ர்ஷீத் சினாகி 1984-ல் வெளியிட்டது 59 பெண்களிடம் செய்த சின்ன ஆய்வுதான். முதுகெலும்பு ஏற்கெனவே புரையோடியவர்களில், பின்பக்கமாக நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு. முன்பக்கமாகக் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். ஒன்றுமே செய்யாதவர்களைவிட அது மோசம்.

வயலின் கணக்கு

குனிவது. பாகூர் ஏரிப் பாசனத்தில், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊரில், பெண்களின் வேலையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமென்றால் அதுதான். நாற்றுப் பறிக்கக் குனி, முடி முடியாகப் பிரித்து நடக் குனி, களையெடுக்கக் குனி, அறுக்கக் குனி. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை.

'உழைச்ச எலும்பு' என்ற நம்பிக்கையை இங்கே வைத்துப் பார்க்கலாம். சேவல் சோதனையில் 36-க்குமேல் எலும்பு கேட்டுக்கொள்ளவில்லை. நடவு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அதே குனிவு. பாரமும் பெரிதில்லை: கையில் இருப்பது நாற்று. திசையும் மாறாது. மனிதச் சக்தியை உறிஞ்சுவதில் உச்சம், எலும்பைத் தூண்டுவதில் கடைசி வரிசை. சினாகி ஆய்வு நோயுற்ற முதுகுகளைப் பற்றியது. இளம் முதுகை நடவு உடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் புரையோடிய பிறகும் அதே குனிவைத் தொடர்பவரைப் பற்றி அது நிச்சயம் எச்சரிக்கிறது. நூறு நாள் வேலையில் தலையில் மண் சட்டி சுமப்பது, முதுகு நேராக நிற்கும் பாரம் என்பதால், எலும்புக் கணக்கில் ஒருவேளை நடவைவிட மேல்.

இந்தியாவில் எடுத்த அளவுகள் இந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகின்றன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்ன குழுவினர் 2005-ல் வெளியிட்டது, குறைந்த வருமானக் குடும்பங்களின் 30 முதல் 60 வயதுவரையான 289 பெண்களைப் பற்றியது. உட்கார்ந்தே வாழ்கிறவர்கள் என்று யாரும் சொல்ல முடியாத வர்க்கம். தொடை எலும்புக் கழுத்தில் சுமார் 29 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை. அவர்கள் தினமும் சாப்பிட்ட கால்சியம் சுமார் 270 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 1,000, மாதவிடாய் நின்றவர்களுக்கு 1,200 என்பது 2020-ல் வந்த இந்தியப் பரிந்துரை. 2008-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சுற்றுவட்டாரத்தில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களை அளந்தது. சரிபாதிப் பேருக்கு ஏதோ ஓரிடத்தில் எலும்புப்புரை. பாதிப் பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை, அதுவும் வேலூர் வெயிலில்.

ஆக, உழைப்பு போதவில்லை என்று இவர்களிடம் சொல்ல முடியாது. செங்கல் கொடுக்காமல் கொத்தனாரை மட்டும் அனுப்பினால் சுவர் எழும்பாது. அரிசிச் சோறும் தண்ணீர்க் குழம்புமாக இருக்கும் தட்டில் செங்கல் இல்லை. பிள்ளைகளைச் சுமந்து பாலூட்டியவர்களுக்கு அது இன்னும் குறைவு. ஆடி மாசத்தில் அம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழ் வருஷம் முழுக்க வீட்டில் இருந்த காலம் ஒன்று உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. நடவு எந்திரமும் அறுவடை மெஷினும் வந்து, முப்பது வருஷம் வயலில் நின்ற பெண்கள் ஐம்பது வயதில் வேலையற்றுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இறங்கும் அதே வயது. எலும்பு பழைய உழைப்புக்குப் பென்ஷன் கொடுக்காது. பாரம் போனால் அடுத்த மாதமே கணக்கைத் திருத்த ஆரம்பித்துவிடும். பிறகு ஒரு நாள் பாத்ரூம் வாசலில் வழுக்கினால் இடுப்பு. இடுப்பு முறிந்த முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன.

இருபது கிலோமீட்டர் தூரம்

வேடிக்கை என்னவென்றால், வயதான பெண் உடற்பயிற்சி செய்யலாம், செய்ய வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவிலேயே சீக்கிரம் வந்த ஊர்களில் ஒன்று புதுச்சேரி. 1878-ல் பாரிஸில் பிறந்த அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, 1940-களின் நடுவில் ஆசிரமத்தில் உடற்கல்வியை ஒழுங்காகத் தொடங்கிவைத்தார். பெண்கள் அரைக்கால் சட்டையில் மைதானத்துக்கு வந்தார்கள். 1949 பிப்ரவரியில் உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டிதழ். எண்பது வயதுவரை அவரே டென்னிஸ் மட்டை பிடித்தார். 1968-ல் சுவாமி கீதானந்தர் யோகக் கல்வி மையம் தொடங்கினார். 2008-ல் ஜிப்மரில் யோக சிகிச்சைக்கு உயர் மையம் வந்தது. ஜனவரியில் அரசே சர்வதேச யோகா விழா நடத்துகிறது.

அங்கிருந்து வில்லியனூர் பத்து கிலோமீட்டர், பாகூர் இருபது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த மரபு பஸ் ஏறவில்லை. வயலில் வேலை செய்பவளுக்கு எதற்கு எக்சர்சைஸ் என்ற கேள்வியே அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க நான் பதில் சொல்ல முயன்றது அந்தக் கேள்விக்குத்தான். அவளுக்குத்தான் வேண்டும். அவள் செய்வது உழைப்பு. உழைப்பு முதலில் கூலியைப் பார்க்கும், எலும்பைப் பார்க்காது.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2018 முதல் கிராமத் துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றி, யோகா வகுப்பும் சேர்த்தார்கள். அதாவது அரை மணி நேரமும் ஓர் இடமும் காகிதத்திலாவது ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே கூன் விழுந்த ஆயாவைக் கால் நீட்டி உட்காரவைத்து, நெற்றி முட்டியைத் தொடும்படி பச்சிமோத்தானாசனம் செய்யச் சொல்லக் கூடாது. இப்படிக் குனியும் ஆசனங்களுக்குப் பிறகு முதுகெலும்பு முறிந்தவர்களைப் பற்றி அதே சினாகி பின்னாளில் எழுதியிருக்கிறார். அதற்குப் பதில், நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்குவது, குப்புறப் படுத்து நெஞ்சை மெல்லத் தூக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, குடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கூட்டி முதுகு நேராக வைத்துத் தூக்கப் பழகுவது. வாரம் இரண்டு நாள் போதும். எதற்கும் ஜிம் தேவையில்லை. தேவைப்படுவது முறையைப் படித்த, சம்பளம் வாங்குகிற, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் ஆள். ஆஸ்திரேலியாவில் முடிவைத் தந்ததில் பாதி அதுதான்.

மாத்திரை இன்று காப்புரிமை முடிந்து மலிந்துவிட்டது. ஆனாலும் அதற்கும் ஆள் தேவை. வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் டீ குடிக்காமலும் இருக்க வேண்டும். விடிகாலை டீயில்தான் நாளே தொடங்கும் வீட்டில் இதை யாராவது ஒரு தடவை உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லாததால் நெஞ்செரிச்சல் வந்து, "அந்த மாத்திரை ஒத்துக்கல" என்று பரணில் போனவை எத்தனையோ.

அதனால் மாத்திரையா பயிற்சியா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. டி-ஸ்கோர் கொஞ்சம் இறங்கிய, ஒன்றும் உடையாத நாற்பத்தெட்டு வயதுப் பெண் பயிற்சியில் தொடங்கட்டும், தட்டில் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் தயிரும் கூடட்டும். மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ ஏற்கெனவே ஒரு தடவை முறிந்தவர் மருந்தை நிறுத்தவே கூடாது. நிறுத்துவதென்றால் சில வருஷம் கழித்து மருத்துவர் சொல்லித்தான். அவருக்குப் பயிற்சி என்பது மருந்தோடு சேர்ந்து, விழாமல் இருக்க. இதில் எதற்குமே முதல் படி, அவருக்கு வந்திருப்பது தேய்மானம் இல்லை என்று அவரிடம் சொல்வது. முட்டிக்குக் கொடுத்த அதே தைலத்தையும் "உக்காரு ஆயா"வையும் முதுகுக்கும் கொடுத்து அனுப்பும்வரை, குல்மன் பார்த்த அந்த வளைவுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே இருக்கும்.